கடைக்கும் வீட்டுக்கும் ஒரே இணையம்: பல ரவுட்டர்களை முறையாக அமைக்க ஒரு பாடம்



ஒரு காலத்தில் மளிகைக் கடை நடத்தத் தராசு, கல்லாப்பெட்டி, பேரேடு, ஒரு தொலைபேசி ஆகியவை போதுமானவையாக இருந்தன. 2016-ல் யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-ல் சரக்கு அனுப்புவதற்கு இ-வே பில் வந்தது. இம்மூன்றும் இணையம் இல்லாமல் ஓர் அடி நகராது. கிடங்கு வாசலில் லாரி நிற்கும், மூட்டை ஏறிவிட்டது, பில் போட நெட் கிடைக்கவில்லை என்றால் வண்டி நிற்கும் நேரத்துக்கும் கூலிக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு நம்மில் பலர் செய்துகொள்ளும் வைத்தியம், இன்னொரு ரவுட்டரை வாங்கி மாட்டுவது. அதுவும் போதாவிட்டால் மூன்றாவதாக ஒன்று. ஆனால் பெட்டி கூடக் கூடச் சிக்கலும் கூடுகிறது. கடையில் வேலை செய்யும் பிரிண்டர் வீட்டுக் கணிப்பொறிக்குத் தெரிவதில்லை. மாடியில் செல்போனில் வைஃபை முழு அளவு காட்டுகிறது, ஆனால் நெட் ஓடுவதில்லை. குறை பெட்டியில் இல்லை. எந்தப் பெட்டிக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்காததே குறை. இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வருவது இதுதான்: முகவரி கொடுக்கும் பெட்டி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், மற்றவை அனைத்தும் அலை பரப்பும் வேலையை மட்டும் பார்க்க வேண்டும், அவற்றைக் கூடியவரை கம்பி வழியே இணைக்க வேண்டும்.

நம் பகுதிக் கட்டடங்களின் தன்மை

பூம்புகார் தருமகுளம் கடைவீதி ஆனாலும், திருவெண்காடு, சீர்காழி, மயிலாடுதுறை ஆனாலும், காவிரிப் படுகையில் பழைய கடைகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். திண்ணை இருந்த இடத்தில் கடை. அதற்குப் பின்னால் ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையற்கட்டு, கொல்லை. அகலம் 15 அடி என்றால் நீளம் 100 அடிகூட இருக்கும். சுவர்கள் சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கனமாக எழுப்பப்பட்டவை.

வைஃபை என்பது வானொலி அலை. ஒவ்வொரு சுவரைத் தாண்டும்போதும் அதன் வலு குறைகிறது. கடைவாசலில் வைத்த பெட்டியின் அலை நான்கு சுவர் தாண்டிச் சமையற்கட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஓய்ந்துவிடும். "பெரிய ரவுட்டர், ஆறு ஆண்டெனா" என்று விலை கூடுதலாகக் கொடுத்து வாங்கினாலும் இதில் பெரிய மாற்றம் இராது. பெட்டி உரக்கப் பேசலாம். நம் கையிலுள்ள செல்போனால் அதே அளவு உரக்கப் பதில் பேச முடியாது. இரு பக்கமும் கேட்டால்தான் பேச்சு நடக்கும்.

சுவரைத் தவிர வேறு தடைகளும் உண்டு. இரும்பு ரேக்குகள், எண்ணெய் டின்கள், குளிர்பதனப் பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அலையைத் தடுக்கும் அல்லது திருப்பிவிடும். அரிசி வியாபாரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரிசியிலும் நெல்லிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு பங்கு ஈரம் உண்டு. ஈரம் அலையை உறிஞ்சும். கிடங்கு காலியாக இருந்தபோது நன்றாகக் கிடைத்த சிக்னல், சம்பா அறுவடைக்குப் பின் மூட்டைகள் உத்தரம் வரை அடுக்கப்பட்டதும் காணாமல் போவது இதனால்தான். ஆகவே கிடங்கு நிறைந்திருக்கும் நாளில் சோதித்துப் பார்த்துப் பெட்டியின் இடத்தை முடிவு செய்வது நல்லது.

ரவுட்டர் செய்யும் வேலைகள்

நாம் ரவுட்டர் என்று ஒரே பெயரில் அழைக்கும் பெட்டிக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, வாயிற்காவல். வெளி இணையத்துக்கும் நம் உள் கருவிகளுக்கும் இடையே நின்று, உள்ளிருந்து போகும் கேள்வியை வெளியே அனுப்பி, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கிறது.

இரண்டாவது, முகவரி வழங்கல். கடைக் கணிப்பொறி, செல்போன், பிரிண்டர், கேமரா என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். 192.168.1.101, 192.168.1.102 என்று இவ்வெண்களைப் பெட்டியே கொடுக்கிறது. இந்த வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர்.

மூன்றாவது, அலை பரப்பல். இதுதான் நம் கண்ணுக்குத் தெரியும் வைஃபை. இந்த மூன்றாவது வேலையை மட்டும் செய்யும் பெட்டிக்கு அக்சஸ் பாயிண்ட் என்று பெயர்.

பழைய புகார்த் துறைமுகத்தில், உள்ளே வரும் சரக்குக்கும் வெளியே போகும் சரக்குக்கும் சோழரின் புலிச் சின்னம் பொறித்துச் சுங்கத்தார் அனுப்பினர் என்று பட்டினப்பாலை கூறுகிறது. சின்னம் பொறிக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இருந்தால்தான் எந்த மூட்டை யாருடையது என்பது விளங்கும். இரண்டு பேர் தனித்தனியே முத்திரை குத்த ஆரம்பித்தால் கணக்கு குழம்பிவிடும். நம் கடை இணையத்திலும் முதல் இரண்டு வேலைகளுக்கு ஒரே பெட்டிதான் இருக்க வேண்டும். மூன்றாவது வேலைக்கு எத்தனை பெட்டிகள் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இரண்டாவது பெட்டி தரும் குழப்பங்கள்

ரவுட்டரின் பின்புறம் இரண்டு வகைத் துளைகள் இருக்கும். தனி நிறத்தில் ஒன்று. அது வான் போர்ட். சில பெட்டிகளில் அதில் 'இன்டர்நெட்' என்று எழுதியிருக்கும். மற்ற மூன்று அல்லது நான்கும் லேன் போர்ட்டுகள்.

முதல் பெட்டியிலிருந்து வரும் கேபிளை இரண்டாவது பெட்டியின் வான் போர்ட்டில் செருகினால் நெட் வரும். ஆனால் இரண்டாவது பெட்டியும் ஒரு வாயிற்காவலனாகி, தன் பின்னால் இருப்பவற்றை மறைத்துவிடும். கடைக் கணிப்பொறியிலிருந்து வீட்டுப் பக்கத்துப் பிரிண்டரைக் காண முடியாது. இரண்டு பெட்டிகளும் ஒரே எண் வரிசையைப் பயன்படுத்தினால் நெட்டே வராமலும் போகலாம்.

கேபிளை லேன் போர்ட்டில் செருகி, உள்ளே எதையும் மாற்றாமல் விட்டால் இதைவிடக் குழப்பம். இரண்டு பெட்டிகளும் முகவரி கொடுக்கத் தொடங்கும். காலையில் முதல் பெட்டியிடம் முகவரி வாங்கிய செல்போன் ஒழுங்காக வேலை செய்யும். மாலையில் இரண்டாவதிடம் வாங்கிய பிறகு நின்றுவிடும். இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே எண் இருந்தால் எந்த வீட்டுக் கதவு எது என்று தெரியாத நிலைதான். சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்ற புகார் எழும் இடங்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சரியான முறை: படிப்படியாக

1. இரண்டாவது பெட்டியை முதல் பெட்டியுடன் இணைக்காமல், ஒரு கணிப்பொறியுடன் மட்டும் கேபிளால் இணைத்துக்கொள்ளவும்.

2. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்ணைப் பிரௌசரில் தட்டினால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் 'அக்சஸ் பாயிண்ட் மோட்' என்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பெட்டி தானே முகவரி கொடுப்பதை நிறுத்திவிடும். அப்பெட்டிக்கு 3, 4-ஆம் படிகள் தேவையில்லை. கேபிளை எந்தத் துளையில் செருகுவது என்பதை அதன் கையேடு சொல்லும்.

3. அந்த வசதி இல்லாவிட்டால், பெட்டியின் சொந்த எண்ணை மாற்ற வேண்டும். முதல் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். முதல் பெட்டியின் எண் வேறு வரிசையில் இருந்தால் அந்த வரிசையையே பின்பற்ற வேண்டும்.

4. எண்ணை மாற்றிய பின் புதிய எண்ணில் மீண்டும் உள்ளே சென்று டி.எச்.சி.பி. என்பதை நிறுத்திவைக்கவும்.

5. வைஃபை பெயர், கடவுச்சொல் இரண்டையும் முதல் பெட்டியில் உள்ளபடியே எழுத்து பிசகாமல் கொடுக்கவும்.

6. எண்ணைக் கையால் மாற்றிய பெட்டி என்றால், முதல் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்குக் கேபிள் கொடுக்கவும். வான் போர்ட் காலியாக இருக்கட்டும்.

7. மூன்றாவது பெட்டிக்கும் இதே முறைதான். எண் மட்டும் 192.168.1.3 ஆக இருக்கட்டும்.

முகவரி வழங்கும் முதல் பெட்டியில், 100 முதல் 200 வரையுள்ள எண்களை மட்டும் கொடுக்கும்படி எல்லை வகுத்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள எண்கள் நம் கையில் இருக்கும். பில் பிரிண்டருக்கு 11, கேமராப் பதிவுப் பெட்டிக்கு 12 என்று நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம். பிரிண்டரின் முகவரி நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால், வாடிக்கையாளர் காத்திருக்கும் வேளையில் பில் வராமல் நிற்கும் தொல்லை பெருமளவு குறையும்.

கம்பிக்குச் செலவிடுவது வீணல்ல

ஒரே விலைக்குப் பெரிய ரவுட்டர் வாங்குவதா, கேபிள் இழுப்பதா என்று கேட்டால் கேபிள் என்றே சொல்வோம். கேட்-6 வகைக் கேபிளில் எட்டு இழைகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை கொண்டுபோகலாம். 100 அடி நீளமுள்ள கட்டடத்துக்கு 30 மீட்டர்தான் வேண்டும். முழுப் பெட்டியாக வாங்கினால் 305 மீட்டர் இருக்கும். பக்கத்துக் கடைக்காரருடன் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது சிக்கனம்.

வாங்கும்போது முழுச் செம்புக் கேபிளா என்று கேட்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொடுத்த கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. அது எளிதில் முறியும், மின்தடையும் அதிகம். விலையில் மிச்சம் பிடித்ததைப் பிறகு இரட்டிப்பாகக் கொடுக்க நேரும்.

கேபிளை மின்கம்பியோடு சேர்த்து ஒரே குழாயில் விடக்கூடாது. குறைந்தது ஓர் அடி தள்ளிச் செல்ல வேண்டும். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். மளிகைக் கடையில் எலித் தொல்லை இல்லாமல் இராது, ஆதலால் பி.வி.சி. குழாய்க்குள் விடுவது அவசியம்.

ஒரு சோதனையும் சொல்லிவைக்கிறோம். எட்டு இழைகளும் சரியாக இருந்தால் வேகம் வினாடிக்கு 1,000 மெகாபிட் கிடைக்கும். ஓர் இழை அறுந்தாலும் வேகம் 100 மெகாபிட்டாகக் குறைந்துவிடும், அல்லது இணைப்பே நின்றுவிடும். கணிப்பொறியில் இணைப்பின் வேகம் 100 என்று காட்டினால், முதலில் முனையில் உள்ள பிளக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

கண்காணிப்புக் கேமராக்களும் இரண்டு மூன்று அக்சஸ் பாயிண்டுகளும் இருந்தால், பி.ஓ.இ. வகைச் சுவிட்ச் ஒன்றைக் கல்லா அருகே வைப்பது நல்லது. அது கேபிள் வழியாகவே மின்சாரத்தையும் அனுப்பும். அந்த வசதியுள்ள கேமராவுக்கும் அக்சஸ் பாயிண்டுக்கும் தனி மின்இணைப்பு வேண்டாம்.

எங்கே வைப்பது?

முதல் பெட்டி கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில், தலை உயரத்துக்கு மேல் இருக்கட்டும். இரண்டாவதை முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், மழை படாத இடத்தில் வைக்கவும். முற்றம் திறந்த வெளி என்பதால் அலை அதன் வழியே சுற்றியுள்ள அறைகளுக்கு எளிதில் போகும். மாடி அறை இருந்தால் அங்கே ஒன்று. அலமாரிக்குள்ளோ, தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, இரும்புப் பெட்டியின் மேலோ வைப்பது பெட்டியைக் கட்டிப்போடுவதற்குச் சமம்.

சானல் என்னும் வழித்தடம்

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் கனமான சுவரைத் தாண்டினால் வலுவிழக்கும்.

2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் மூன்றே: 1, 6, 11. கடையில் 1, தாழ்வாரத்தில் 6, மாடியில் 11 என்று பிரித்து அமைத்தால் ஒரு பெட்டி இன்னொன்றுக்கு இடையூறாக இராது. சானல் அகலம் 20 என்று இருக்கட்டும். 40 என்று வைத்தால் கடைவீதி முழுவதும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடும் நிலை வரும். சிலர் 3, 4 என்று இடைப்பட்ட எண்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது இரு பக்கத்தாருக்கும் இடைஞ்சல். கடைவீதியில் அடுத்தடுத்த கடைக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு சானல்களைப் பிரித்துக்கொண்டால் எல்லோருக்கும் நன்மை. இது சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் முடியக்கூடிய காரியம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. கடையிலிருந்து கொல்லைக்கு நடந்து போனாலும், செல்போன் கடைப் பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டிக்கு மாறுவது என்று முடிவு செய்வது செல்போன்தான். கடைப் பெட்டியின் அலை பரப்பும் வலுவை நடுத்தரமாகக் குறைத்து வைத்தால், செல்போன் விரைவில் அதை விட்டு அடுத்த பெட்டிக்கு மாறும்.

ரிப்பீட்டரும் மெஷ்ஷும்

கேபிள் இல்லாமல் சுவர் பிளக்கில் மாட்டும் ரிப்பீட்டர் மலிவானது. ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கிய செய்தியை அதே அலைவரிசையில் மறுபடி சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மேலும், சிக்னலே இல்லாத இடத்தில் அதை மாட்டிப் பயனில்லை. அதற்கே சிக்னல் கிடைக்கும் இடத்தில், பாதி வழியில் மாட்ட வேண்டும்.

மெஷ் என்று விற்கப்படும் தொகுப்புகள் இதைவிட மேலானவை. பெட்டிகள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு செல்போனைக் கைமாற்றிவிடும். ஒரே நிறுவனத்தின், தமக்குள் பொருந்தும் மாடல்களையே வாங்க வேண்டும்; வெவ்வேறு நிறுவனப் பெட்டிகளைச் சேர்த்தால் பெரும்பாலும் மெஷ் ஆகாது. மெஷ் பெட்டிகளுக்கும் கேபிள் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவதே சிறப்பு.

தெருவுக்கு எதிரே கிடங்கு இருந்தால்

மொத்த வியாபாரிகள் பலருக்குக் கடை ஒரு பக்கம், கிடங்கு எதிர்ப்பக்கம். தெருவின் மேலே செம்புக் கேபிளைத் தொங்கவிடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். இடி மின்னல் காலத்தில் அது இரு பக்கக் கருவிகளையும் ஒருசேரக் கெடுத்துவிடும். அனுமதி இல்லாமல் மின்கம்பத்தில் கட்டுவதும் கூடாது.

இதற்கு வழி, 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறப் பாலம். ஒரு ஜோடிச் சிறு ஆண்டெனாப் பெட்டிகள். ஒன்று கடை மாடியில், மற்றொன்று கிடங்கின் மேல், ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் வசதி 2018-ல் விரிவாக்கப்பட்டது. வரையறுத்த சக்திக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மரக்கிளையோ பந்தலோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிடங்குக்குள் அந்தப் பாலத்தின் கேபிளை ஓர் அக்சஸ் பாயிண்டில் செருகிவிட்டால், லாரி பக்கத்திலேயே நின்று இ-வே பில் எடுக்கலாம். நிரந்தரமாக, தொந்தரவில்லாமல் வேண்டும் என்பவர்கள் ஃபைபர் இழுக்கலாம். கண்ணாடி இழைக்கு மின்னல் பயம் இல்லை.

வாடிக்கையாளர்க்குத் தனி வாசல்

யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்த வரும் வாடிக்கையாளர், "சிக்னல் இல்லை, உங்கள் வைஃபை கொடுங்கள்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மறுத்தால் வியாபாரம் போகும். கொடுத்தால் கடவுச்சொல் ஊர் முழுக்கப் போகும். அதே இணைப்பில்தான் நம் டேலி கணக்கும், கேமராப் பதிவும், பங்கிட்டு வைத்த கோப்புகளும் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம்.

2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அது தொடர்பான மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் இணைய இணைப்பிலிருந்து போனதாகக் கண்டறிந்து காவல்துறையினர் அவர் வீட்டுக்கு வந்தனர். பூட்டப்படாத அவரது வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். குற்றம் செய்யாதவர் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் முதலில் வந்து நிற்பார்கள். இது நமக்கும் பொருந்தும்.

பழைய புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பிரிவாக இருந்தது; இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் நாளங்காடி நடந்தது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. எவரும் வந்து போகும் இடம் ஒன்று. குடியிருக்கும் இடம் வேறு. நம் இணையத்திலும் அந்தப் பிரிவினை வேண்டும்.

முதல் பெட்டியில் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருந்தால் அதைத் திறந்து வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் கொடுக்கவும். அதில் சேர்பவருக்கு நெட் மட்டும் கிடைக்கும். நம் கணிப்பொறி தெரியாது. கடவுச்சொல்லை மாதம் ஒருமுறை மாற்றிவிடலாம். ஒரு எச்சரிக்கை: அக்சஸ் பாயிண்டாக மாற்றிய இரண்டாவது பெட்டியில் கெஸ்ட் வசதி கொடுத்தால், பல பெட்டிகளில் இந்தத் தடுப்பு சரியாக வேலை செய்யாது. ஆகவே வாடிக்கையாளர் வாசல் முதல் பெட்டியில் மட்டுமே இருக்கட்டும்.

முதல் பெட்டியில் கெஸ்ட் வசதியே இல்லை என்றால், முன்பு தவறு என்று சொன்ன வான் போர்ட் முறையே இங்கே உதவும். வாடிக்கையாளர்கள் முதல் பெட்டியோடு நிற்கட்டும். கடைக் கணக்கும் பிரிண்டரும் கேமராவும் வீடும் இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் போகட்டும். அதை 192.168.2 என்ற வேறு வரிசையில் அமைத்து, வான் போர்ட்டில் கேபிளைச் செருகினால், முன்பக்கம் நிற்பவர் உள்பக்கத்தை எட்ட முடியாது. அப்படிச் செய்தால் நம் கருவிகள் அனைத்தும் உள்பக்கத்திலேயே இருக்க வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே என்று விடக்கூடாது.

இவற்றோடு, பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். பலரிடம் அது 'அட்மின்' என்றே இருக்கிறது. பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் இணையும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவிட வேண்டும். கடையை விட்டு ஊழியர் விலகும் நாளில் சாவியைத் திரும்ப வாங்குவது போலவே கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும்.

மின்தடை, மழை, கடற்காற்று

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதை நம் பகுதியினர் மறந்திருக்க முடியாது. கடைக்குள் தண்ணீர் வரக்கூடிய ஊரில், ரவுட்டரையும் சுவிட்சையும் தரையிலோ மேசைக்கு அடியிலோ வைக்கக் கூடாது. இடுப்பு உயரத்துக்கு மேல் சுவரில் பலகை அடித்து வைப்பதே முறை.

மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்திலேயே சில ரவுட்டர்கள் அணைந்து எழும். மீண்டும் நெட் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். ஒன்றை இடையில் வைத்தால் இது நிற்கும். பெட்டிக்கு வேண்டிய வோல்ட் எவ்வளவு என்று அதன் சீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், சுவிட்ச் மூன்றுக்கும் காப்பு மின்சாரம் வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்து மற்றதை விட்டால் பயன் இல்லை. பி.ஓ.இ. சுவிட்ச் வைத்திருப்பவர்கள் அந்தச் சுவிட்சுக்குக் காப்புக் கொடுத்தாலே அதிலிருந்து மின்சாரம் பெறும் அக்சஸ் பாயிண்டுகளும் கேமராக்களும் ஓடும். இடி இடிக்கும்போது தேவையில்லாத கருவிகளின் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது.

கடலோரக் கடைகளுக்கு உப்புக் காற்று தனிப் பகை. கேபிள் முனையில் உள்ள சிறு பித்தளை நிறத் தொடுமுனைகள் பச்சை பூத்துவிடும். வெளியே வைக்கும் கருவி வெளிப்புறத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்பாக, முனைகளைப் பார்த்துக் கெட்டதை வெட்டிப் புதிய பிளக் போட்டுவிட வேண்டும்.

நெட் நின்றால் எங்கே பார்ப்பது?

முதலில் ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்னும் சிவப்பு விளக்கைப் பார்க்கவும். அது எரிந்தால் கோளாறு வெளியே. நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு, செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கடைக் கணிப்பொறியை இணைத்து வியாபாரத்தைத் தொடரலாம்.

விளக்கு சரியாக இருந்தால், கணிப்பொறியை முதல் பெட்டியுடன் கேபிளால் இணைத்துப் பார்க்கவும். கேபிளில் நெட் வந்து வைஃபையில் வராவிட்டால் அலை பரப்பும் பகுதியில் கோளாறு. முன்பக்கம் வந்து பின்பக்கம் மட்டும் வராவிட்டால், இரண்டாவது பெட்டியையும் அதற்குப் போகும் கேபிளையும் பார்க்க வேண்டும்.

வைஃபை இணைந்தும் நெட் ஓடாவிட்டால் செல்போனுக்குக் கிடைத்த முகவரியைப் பார்க்கவும். 169.254 என்று தொடங்கினால் முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். 'கேட்வே' என்ற இடத்தில் இரண்டாவது பெட்டியின் எண் இருந்தால், அது மீண்டும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. வீட்டுப் பிள்ளைகள் யாராவது ரீசெட் பொத்தானை அழுத்தினால் பெட்டி தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி இப்படி ஆகும். மேலே சொன்ன ஏழு படிகளையும் மறுபடி செய்தால் சரியாகிவிடும்.

நிறுவனத்தார் முதல் பெட்டியை மாற்றிப் புதிதாக வைத்துப் போனாலும் எண் வரிசை மாறிவிடலாம். அப்போது நெட் வரும். ஆனால் பிரிண்டரும் கேமராவும் காணாமல் போகும். புதிய பெட்டியிலும் பழைய எண் வரிசையையே வைக்கச் சொல்லிவிட்டால், அல்லது நாமே மாற்றிவிட்டால், எல்லாம் பழையபடி நடக்கும்.

ஒரு தாள் போதும்

இத்தனையும் செய்து முடித்த பின் ஒரு வெள்ளைத் தாளில் கட்டடத்தின் படத்தை வரைந்து, எந்தப் பெட்டி எங்கே, அதன் எண் என்ன, சானல் என்ன, எந்தக் கேபிள் எங்கே போகிறது, பிரிண்டருக்கும் கேமராவுக்கும் என்ன முகவரி என்று எழுதிக் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு தாளில் எழுதிப் பூட்டிவைக்க வேண்டும். அமைத்துக் கொடுத்த தம்பி வேலைக்கு வெளியூர் போய்விட்டால், இந்தத் தாள் இல்லாத கடை கணக்குப்பிள்ளை சொல்லாமல் போன கடை போலத் தவிக்கும். தாள் இருந்தால், அடுத்து வருபவர் யாராக இருந்தாலும் அரை மணி நேரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டு கோளாறைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

நம் கடைக்கு வரும் சரக்கை எடைபோட்டு, கணக்கில் ஏற்றி, இடம் பார்த்து அடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இணையத்தையும் அதே ஒழுங்கோடு அமைத்துக்கொண்டால் கல்லாவில் நிற்கும் வாடிக்கையாளரும் காத்திருக்க மாட்டார். கிடங்கு வாசலில் நிற்கும் லாரியும் காத்திருக்காது.